நாலாம் வீட்டு எண்ணெய்

வத்தலக்குண்டில் உளுந்து
கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய் குறைவு.
பூம்பாறைக்கு வந்துவிட்டால்
மலையேறிய களைப்புக்கும் சேர்த்துக் காசு கேட்கும்.
அதனால் நான்கு வீட்டுக்கு ஒருத்தி இறங்குவோம்:
நான்கு பட்டியல், ஒரு பஸ் டிக்கெட்.
போன வருஷம் குருவம்மா போனாள்.
கொண்டை ஊசி வளைவுகளில் மூன்று தடவை வாந்தி.
பச்சரிசிப் பையை மட்டும்
மடியைவிட்டு இறக்கவில்லை.

பையனுக்கு ஆடித் தள்ளுபடியிலேயே சட்டை எடுத்தேன்,
வளர்வான் என்று ஒரு அளவு பெரிதாக.
அவன் என் கணக்கைத் தாண்டி வளர்ந்தான்.
மணிக்கட்டு இப்போதே இரண்டு விரல் வெளியே.
தீபாவளிக்கு மறுநாள் பாதி விலைக்கு வாங்கிப்
பத்திரப்படுத்திய சரவெடி
ஒரு வருஷ மூடுபனி குடித்து
வெடிக்காமல் இருமியது.
பூண்டுக்குத்தான் இந்தப் புத்தியெல்லாம் பலிக்கும்.
அறுத்த கையோடு விற்றால் வியாபாரி வைத்ததே விலை;
அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டால்
நாம் கேட்பதில் முக்காலாவது வரும்.

ரேஷன் பாமாயில் இந்தக் குளிரில்
பாக்கெட்டுக்குள்ளேயே உறைந்துபோகிறது.
பலகாரத்துக்குக் கடலை எண்ணெய்தான்.
ஐந்து லிட்டர், ஆயிரத்து இருநூறு.
ஒரே நாள், ஒரே சட்டி.
முதலில் சுடுகிற வீடு ஐநூறு தரும்,
அடுத்தது முந்நூற்றைம்பது,
மூன்றாவது இருநூற்றைம்பது,
கடைசி வீடு நூறு.
எண்ணெய் கறுக்கக் கறுக்க
விலை இறங்கும்.

ஆறு வருஷமாக நான் நூறு ரூபாய்.
ஆறு வருஷமாகத் தனபாக்கியம் ஐநூறு.
அவள் முறுக்கு புது உருளைக்கிழங்குத் தோல் நிறம்,
என்னுடையது வறுத்த காப்பிக்கொட்டை.
ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை என்பேன் வீட்டில்.
மகள் பள்ளிக்கூடத்தில்
பைக்குள்ளேயே உடைத்து உடைத்துத் தின்கிறாளாம்,
டீச்சர் சொன்னார்.

இந்த வருஷம் பூண்டு கைகொடுத்தது.
ஐநூறு ரூபாய்த் தாள் ஒன்றை
நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.
வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன்:
இந்தத் தடவை நான் முதல்.
இந்தத் தடவை நான் முதல்.

நான் வாய் திறப்பதற்குள்
தனபாக்கியம் நூறு ரூபாயை
அரிவாள்மனைக்குக் கீழே வைத்தாள்.
"புது எண்ணெய்ச் சூடு முகத்துல அடிக்குது,
நான் கடைசியா சுட்டுக்கிறேன்."
புரட்டாசியில் மன்னவனூர் ரோட்டில்
பைனான்ஸ்காரர்கள் மறித்து
ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனது
எல்லோருக்கும் தெரியும்.
"விறகு ஈரம்" என்றாள் ஜெபராணி,
நன்றாக எரிந்துகொண்டிருந்த அடுப்பைப் பார்த்து.

முதல் ஆளாக உட்கார்ந்தேன்.
எண்ணெய் அத்தனை தெளிவு,
சட்டியின் அடி தெரிந்தது.
நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சொட்டை.
ஆறு வருஷம் சுட்ட சட்டி,
எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

தீயைக் குறைத்தேன்.
ஒவ்வொரு ஈடு எடுத்ததும்
அரித்துப் பொடியை வெளியே போட்டேன்.
உதிர்ந்த பொடி கருகித்தான் எண்ணெய் கறுக்கும்.
எனக்கு முன்னால் சுட்ட யாரும்
இதற்கு நின்றதில்லை.
நேரமாகிறது என்று முனகிய குருவம்மா
தன் முறையில்
கரண்டியை என்னிடமிருந்து வாங்கி
அவளும் அரித்தாள்.

நாலாம் வீட்டு முறுக்கு இறங்கும்போது
மணி ஏழு, வெளியே மழை.
உருளைக்கிழங்கும் இல்லை, காப்பியும் இல்லை,
நடுவே ஏதோ ஒரு நிறம்.
தனபாக்கியம் விளக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

மிஞ்சிய எண்ணெய் வழக்கப்படி கடைசி வீட்டுக்கு.
அரை லிட்டருக்கு மேலேயே இருந்தது.
வடிகட்டித் தூக்கில் ஊற்றிக் கொடுத்தேன்.
"இது எதுக்கு?"
உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.
"தாளிக்க. கார்த்திகை வரைக்கும் வரும்" என்றேன்,
"முதல்ல ரசத்துக்கு எடுக்காதே, வாடை தெரியும்.
புளிக்குழம்புல ஆரம்பி."